கரண்டு போனால்தான் பாட்டு

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பாட்டுப் பதிவு செய்து பிழைக்கலாம் என்று கிளம்புகிறவனுக்கு இசை ஞானம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமை மட்டும் குறையவே கூடாது. கேசட் காலத்தில் இந்த ஆசையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

அருப்புக்கோட்டையில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஆசை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. வீட்டின் முன்னறை காலியாகக் கிடந்தது. அதன் மேல் பக்கத்து வீட்டு ராமசாமி மாமாவுக்கும் ஒரு கண். என் மனைவி புஷ்பத்துக்கு அவர் சித்தப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர், இன்னும் இரண்டு தறி போட இடம் தேடிக்கொண்டிருந்தார். புஷ்பம் எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னாள்: "தைப்பொங்கலுக்குள்ள இந்த ரூமுல இருந்து ஒரு கேசட்டாவது வெளிய வரணும். வரலைன்னா சித்தப்பா தறியப் போட்டுக்கிடட்டும்."

குண்டூசி

மதுரைக்குப் போய் மைக் பார்த்தேன். மேடையில் பாடுகிறவர்கள் வாயருகே பிடித்துக்கொள்ளும் முரட்டு மைக் ஒன்று, விலை குறைவு. இன்னொன்று விரல் தடிமனில் இருந்தது. கடைக்காரர் அதைப் பொருத்தி, என் காதில் ஹெட்போனை மாட்டி, மேஜையில் ஒரு குண்டூசியைப் போட்டார். கடப்பாரை விழுந்த மாதிரி கேட்டது. புத்தி மயங்கிவிட்டது. குரலையும் வாத்தியத்தையும் கலக்கும் மிக்சருக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் கொடுத்து அதையே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கீபோர்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்டால், எங்கள் தெருவில் ஓடும் அத்தனை தறியும் என் காதுக்குள் ஓடின. குண்டூசிக்கு ஆசைப்பட்ட எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று ராமசாமி மாமா உள்ளே வந்தார். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

"மாப்ளே, ஓரத்துத் தறியில பெல்ட்டு லூசா ஓடுது. பக்கத்துலயே நிக்கிறேன், இத்தன நாளும் எனக்குத் தெரியலையே."

மண்டிச் சாக்கு

மிக்சருக்குக் காசு இல்லை. காரியாபட்டியில் மைக்செட் தொழிலை விட்ட ஒருவர், மிக்சரும் டேப்பும் சேர்ந்த பழைய பெட்டி ஒன்றை வந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். திருவிழா ஊர்வலங்களில் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து பாடிய பெட்டி. அதோடு ஒரு பேட்டரியையும் என் தலையில் கட்டினார். பேட்டரி எனக்கு எதற்கு என்று புஷ்பத்திடம் கொடுத்தேன். கரண்டு போனால் அடுப்படிக்குக் குட்டி டியூப்லைட் எரிக்க அவள் அதை வைத்துக்கொண்டாள்.

அடுத்து, தறிச் சத்தத்தை மறிக்கச் சுவருக்குத் துணி அடிக்க வேண்டும். மிளகாய் மண்டியில் பழைய சாக்கு சல்லிசாகக் கிடைத்தது. தரை தவிர எல்லாப் பக்கமும் அடித்துவிட்டு, ஒத்திகை பார்க்க நரிக்குடியிலிருந்து கருப்பையா அண்ணனை வரவழைத்தேன். அம்மன் பாட்டுக்குப் பேர் போனவர். கதவைச் சாத்தி, காற்றாடியைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. சாக்கில் இருந்த மிளகாய் நெடி மொத்தமும் கிளம்பியது. அண்ணன் முதல் வரியில் இருமினார், இரண்டாவது வரியில் தும்மினார், மூன்றாவது வரியில் இருவரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். துண்டால் கண்ணைத் துடைத்தபடி அவர் சொன்னார்:

"துக்க வீட்டுப் பாட்டு எடுத்தீகன்னா சொல்லி விடுங்க தம்பி, உடனே வாரேன். அம்மனுக்கு இந்த ரூமு ஆகாது."

தொட்டி

சாக்கைக் கழற்றிவிட்டு ஜமுக்காளங்களை அடித்தேன். குரலுக்கு எக்கோ சேர்க்கும் கருவி வாங்க வழியில்லை. கொல்லையில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. எங்கள் ஊரில் அது காய்ந்து கிடப்பதுதான் வழக்கம். ஸ்பீக்கரையும் இரவல் வாங்கிய மேடை மைக் ஒன்றையும் அதற்குள் இறக்கி, குரலை அனுப்பி வாங்கினால் மாதாகோவிலில் பாடுவது போல் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தபோது, வெகுநாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. புஷ்பம் ஸ்பீக்கரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

"எக்கோவ எங்க வேணாலும் எடுத்துக்கங்க. தொட்டி தண்ணிக்கு."

ஜெபம்

மார்கழி பிறந்தும் ஒரு கேசட் வரவில்லை. மாமா ஒரு நாள் வந்து அறையைக் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில்தான் திருச்சுழிப் பக்கத்து சபை ஒன்றிலிருந்து ஞானதுரை சார் பாடகர் குழுவோடு வந்து இறங்கினார். கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட். எனக்கு அதுதான் முதல் வேலை, கை தவறினால் கடைசி வேலையும் அதுதான்.

தறிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு இவர்களுக்கு ஆராதனை. அதனால் வந்தது வேலை நாள். பொங்கல் சரக்குக்காகத் தெருவே தடதடத்தது. தினமும் மத்தியானம் கரண்டு போகும், அப்போது தறிகள் ஓயும் என்று நம்பி உட்கார்ந்தோம். அன்றைக்கென்று போகவில்லை. கடைசி பஸ்ஸை நினைத்துப் பாடுகிற பெண்கள் முகம் வாடியது. கரண்டு போக ஜெபம் பண்ணலாமா என்று சாரிடம் மெதுவாகக் கேட்டேன். "தறியில நிக்கிறவுக கூலி போயிருமே. அப்பிடி ஜெபிக்கக் கூடாது" என்றார்.

ஜெபிக்காமலே போயிற்று. தெரு கப்பென்று அடங்கியது. எல்லாரும் எழுந்து வரிசையாக நின்றார்கள், சார் கையைத் தூக்கினார், நான் பொத்தானை அமுக்கினேன். டேப் சுற்றவில்லை. தறிக்கு இல்லாத கரண்டு எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? இத்தனை மாதம் இது என் மண்டையில் ஏறவில்லை. அறை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து புஷ்பம் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பெட்டி மாட்டு வண்டியில ஊர்வலம் போச்சுன்னு சொன்னீகளே. மாட்டுக்கா கரண்டு இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, டியூப்லைட்டைக் கழற்றிப் பேட்டரியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

வரிசையாக எல்லாப் பாட்டும் ஏறின. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் கரண்டு வந்து தறிகள் கிளம்பின. சார் கையை இறக்கவில்லை. தறியின் வேகத்துக்கே தாளத்தைக் கூட்டி, பெண்கள் சிரித்துக்கொண்டே பாடி முடித்தார்கள். பண்டிகைக்கு முன் கேசட் வந்துவிட்டது. முதல் கேசட்டைப் புஷ்பம் சத்தமாக ஓடவிட்டு, "நீங்க வேற இடம் பாருங்க சித்தப்பா" என்றாள். மாமா கடைசிப் பாட்டு வரை அசையாமல் கேட்டார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன்.

"பெல்ட்ட மாத்தியும் அந்தத் தறி சரியா ஓடல மாப்ளே. கடைசிப் பாட்ட இன்னொருக்கா போடு."

அதன் பிறகு அந்த அறை ஓடிய காலமெல்லாம், கரண்டு இருந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்து, அது போன நேரத்தில் சம்பாதித்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.