இடைவேளைக்காரரும் இருபத்திரண்டு தொடைகளும்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. கச்சேரி வட்டாரத்தில் அவர் இடைவேளைக்காரர்.

பகலில் லிஃப்ட் மெக்கானிக், மாலையில் மிருதங்கம். பாடகி ஒன்றரை மணி நேரம் பாடிவிட்டு, இனி உங்கள் பாடு என்பதுபோல அவரைப் பார்த்துத் தலையசைப்பார். பாட்டு நின்று, மிருதங்கம் மட்டும் கால் மணி நேரம் கைவரிசை காட்டும் அந்தப் பகுதிக்குத் தனி என்று பெயர். தலையசைப்பின் பொருள் அவருக்குப் புரிவதற்கு முன்பே சபைக்குப் புரிந்துவிடும். முதல் அடி விழுவதற்குள் மூட்டுவலிக்காரர்கள்கூடத் துள்ளி எழுவார்கள். காபி, கழிவறை, செல்போன் என்று மனிதகுலம் ஒத்திவைத்திருந்த கடமைகள் எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நிறைவேறும்.

அரங்கத்துக் கேன்டீனை நடத்தியவர் அவருடைய மைத்துனர். "மாமா, இன்னிக்குக் கொஞ்சம் நீட்டி வாசிங்க. காபி மிஷின் சூடாக நேரமாகுது" என்று மேடைக்கே வந்து காதில் ஓதிவிட்டுப் போவார். மனைவியிடம் முறையிட்டால், "என் தம்பி ஒருத்தனாவது உங்க வாசிப்பை மதிக்கிறானே, அதுக்குச் சந்தோஷப்படுங்க" என்று பதில் வரும்.

இப்படி முப்பது வருடம் அவர் நாற்காலிகளுக்கு வாசித்தார். நாற்காலிகளைக் குறை சொல்ல முடியாது. அவை இருமியதில்லை, கொட்டாவி விட்டதில்லை. ஒரு மாலை மூன்றாம் வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் எழாமல் இருந்தார். இடைவேளைக்காரர் அந்த ஒருவருக்காக வேர்வையில் குளித்து வாசித்தார். கச்சேரி முடிந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க, எந்திரிக்காம கேட்டீங்களே!"

"கால் மரத்துப் போச்சு சார்" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் இடைவேளைக்காரர் முடிவு செய்தார். கை ஓய்வதற்குள், ஒரே ஒரு தனியை ஆட்கள் உட்கார்ந்திருக்க வாசித்துவிட வேண்டும். ஆட்களுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். சொல்லிக் கொடுத்தால் உட்காருவார்கள். 'கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆறே வாரம், கட்டணம் இல்லை' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார். ஒருவரும் வரவில்லை.

பிறகு ஒரு நாள், பல் டாக்டரம்மா ஒருவர் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்டோடு மாட்டிக்கொண்டார்.

"யாராவது இருக்கீங்களா? மூச்சு முட்டுது!"

"இருக்கேம்மா, மெக்கானிக்தான். அரை மணி ஆகும். பயப்படாம தொடையில ஒரு தட்டு தட்டுங்க."

"எதுக்கு?"

"தட்டுங்க, சொல்றேன். அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. எட்டு ஆச்சா?"

"ஆச்சு. கதவு திறக்குமா?"

"எண்ணிக்கிட்டே இருங்க, திறக்கும்."

மேலிருந்து அவர் தகதிமியைச் சொல்லிக்கொண்டே பிரேக்கைத் தளர்த்தினார். கதவு திறந்தபோது டாக்டரம்மா வெளியே வரவில்லை. "இருங்க, இன்னும் ரெண்டு விரல் பாக்கி" என்றார்.

ரசிகரை உண்டாக்குவதற்கு முதல் தேவை திறக்காத கதவு என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அந்த வருடம் லிஃப்டுகள் நின்றுபோவது அதிகரித்துவிட்டதாகச் சிலர் புறம் பேசினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. திறக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகரித்திருந்தது. அதற்குக் கம்பெனிப் பதிவேட்டிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆக, இருபத்திரண்டு மாணவர்கள் சேர்ந்தார்கள். ஞாயிறு காலையில் கம்பெனியின் பயிற்சி அறையில், வயிறு கிழித்து வைத்திருந்த ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில் வகுப்பு. ராகத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அதைப் பாடறவங்ககிட்டக் கேளுங்க, என் கடை வேற" என்று விடுவார். அவர் சொல்லிக் கொடுத்தது எண்ணிக்கை. அதற்கு மேல் ஒன்றே ஒன்று, கோர்வை. தனியின் கடைசியில், ஒரே கோவையை மூன்று முறை அடுக்கி வாசித்து, கடைசி அடி சரியாக முதல் தட்டில் வந்து விழ வேண்டும்.

"லிஃப்ட் மாதிரிதான். தரைக்கு ஒரு விரல்கடை மேல நின்னாலும் ஆள் தடுக்கி விழுவாரு. நான் எங்க வந்து நிக்கிறேன்னு பாருங்க. விடாதீங்க!"

"விட மாட்டோம் சார்" என்றார் பஸ் டிரைவர். அரை நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் எழுதியே வாழ்ந்தவர் அவர். சொன்னால் சொன்னதுதான்.

கச்சேரி நாள் வந்தது. பாடகி தலையசைத்தார். வழக்கம்போல் சபை எழுந்தது. கூட்டம் வடிந்த பிறகு பார்த்தால், நடு வரிசைகளில் இருபத்திரண்டு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வலது கைகள் இருபத்திரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கேன்டீன் வாசலில் நின்ற மைத்துனரின் முகம் ஆறிய காபிபோல் ஆயிற்று.

இடைவேளைக்காரர் மிருதங்கத்தை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். பத்து நிமிடம் அவர் வாசித்த வாசிப்பு அவருக்கே புதிது. கோர்வைக்கு வந்தார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை கண்ணை நிமிர்த்தி அந்த முகங்களை ஆசைதீரப் பார்த்தார். பார்த்தபடியே கடைசி அடியை ஓங்கி அடித்தார்.

இருபத்திரண்டு கைகளும் அப்போது அந்தரத்தில் மல்லாந்து இருந்தன. எட்டாவது வீச்சு. இன்னும் ஓர் எண்ணிக்கை பாக்கி.

மிருதங்கம் நின்றுவிட்ட அமைதியில், இருபத்திரண்டு தொடைகளில் 'டப்' என்று முதல் தட்டு விழுந்தது. பாடகி அவரைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், தொடைகளோடு சேர்ந்துகொண்டு பாட்டை எடுத்தார்.

மேடைக்குப் பின்னால் அவர் பாடகியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, என்னோட சேர்ந்து எடுத்திருக்கக் கூடாதா? ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே!"

"எப்பவும் அப்படித்தானே அண்ணா எடுத்துக்கிட்டிருந்தேன்? நீங்க எங்க விழுந்தாலும் அதுதான் இடம்னு. இன்னிக்கு இருபத்திரண்டு சாட்சி, நான் என்ன பண்ண?"

"எப்பவுமா?"

"பாதி நாள்" என்று பாடகி மனமிரங்கிச் சொன்னார்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ரத்து என்று எழுதிக் கதவில் ஒட்டலாம் என்று போனார். எல்லோரும் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டரம்மா கையைத் தூக்கினார்.

"சார், கடைசியில எட்டாவதுலயே முடிச்சீங்களே, அது என்ன வகை? எங்களுக்கு இன்னும் சொல்லித் தரலையே!"

இருபத்திரண்டு நோட்டுகள் திறந்தன. இடைவேளைக்காரருக்கு நாக்கின் நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. அபூர்வமான வகை, பெரிய வித்வான்கள் மட்டும் தொடுவது. சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார்கள். மறு வாரத்திலிருந்து ஊருக்கெல்லாம் சொல்லியும் கொடுத்திருப்பார்கள். பேனாக்கள் காத்திருந்தன.

"அது வந்து..." என்றார். "அது தப்பும்மா. ஒரு எண்ணிக்கையை முழுங்கிட்டேன்."

டாக்டரம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அப்பாடா! நான்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. ஒருத்தருக்குப் பல்லைப் பிடுங்கறப்பகூட விரல் விட்டுக்கிட்டிருந்தேன்!"

"அப்ப நாங்க சரியா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருபத்திரண்டு பேரும் சரி. நான் ஒருத்தன்தான் தப்பு."

அறை அதிர்ந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். முப்பது வருடத்தில் அவர் கேட்டிராத கைதட்டல், அதுவும் அவருக்கு அல்ல.

பஸ் டிரைவர் மட்டும் கைதட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சந்தோஷம் சார். இப்ப அதையே சரியா வாசிங்க. பார்ப்போம்."

வாசித்தார். கண்ணை நிமிர்த்தாமல் வாசித்தார். கடைசி அடியும் இருபத்திரண்டு தட்டும் ஒன்றாக விழுந்தன. அங்கே என்ன சத்தம் என்று கீழ்த்தளத்திலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"இன்னொரு வாட்டி சார்" என்றார் டிரைவர். "ஒரு தடவை யாருக்கும் குருட்டாம்போக்குல விழும்."