அமெரிக்கக்காரரின் இறுதியாட்டமும் என் மூன்று அண்ணைமாரும்

அமெரிக்கக்காரரின் கால்பந்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. முட்டை மாதிரியான ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓடுவார், மற்றவர்கள் பாய்ந்து விழுத்துவார்கள். ஒரு கிழமையாக மெட்ரோவில் வீடியோ பார்த்துப் படித்தும் என் மண்டைக்குள் ஏறியது இவ்வளவுதான்.

படித்தது மகனுக்காக. தாயும் நானும் பிரிந்தபிறகு அவன் பொண்டி என்ற புறநகரில் தாயோடு. லா சப்பலில் உள்ள என் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டதும் திரும்பிப் போகச் சப்பாத்தைத் தேடுவான். அப்படிப்பட்டவன் தானாகவே போன் எடுத்து, "பப்பா, ஃபைனல் பார்க்க வரட்டே? நாங்கள் ரெண்டு பேரும்" என்று தமிழிலேயே கேட்டான். முதலாளியிடம் கெஞ்சி லீவு எடுத்தேன். ஏன் என்று கேட்ட, உணவகக் குசினியில் என்னோடு சமைக்கும் அண்ணைமாருக்குப் பெருமையோடு காரணமும் சொன்னேன். என் வாய்க்குப் பூட்டு விற்கிறவன் இந்தத் தெருவில் இல்லை.

நடுச்சாமத்தில் மகனும் நானும் டிவி முன்னால் இருக்க, ஆட்டம் தொடங்கியதும் கதவு மணி அடித்தது. வேலை முடித்த கையோடு அந்தக் குசினி அண்ணைமார் மூன்று பேர், மட்டன் ரோலும் பியருமாக.

"பெடியன் வாற நேரம் வீடு வெறிச்சோடிக் கிடக்கலாமே? அப்பனுக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியவேணும்."

எனக்கு ஆள் சேர்க்கத்தான் வந்திருக்கிறார்கள். ரோலோடு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? "வாங்கோ, வாங்கோ" என்று நானே கதிரை இழுத்துப் போட்டேன்.

"உதென்னடாப்பா, ரெண்டு அடி ஓடீட்டுக் கூட்டம் கூடுறாங்கள்?"

"எங்கட ஊர்ச்சங்கத்து நிர்வாகத் தெரிவு போலை கிடக்கு!"

நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

மகன் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தான். "தம்பி என்ன படிக்கிறீர்? அம்மா சுகமே?" என்று அண்ணைமார் விசாரிக்கத் தொடங்கியதும் எழுந்து என் படுக்கையறைக்குள் போய்விட்டான். கதவிடுக்கால் பார்த்தேன். கட்டிலில் குப்புறக் கிடந்து, காதில் இயர்போன் மாட்டி, அதே ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னறையில் நாங்கள் நாலு பேர், ஒருவருக்கும் விளங்காத ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்துத் தீர்த்தோம்.

காலையில் தேத்தண்ணி நீட்டி, "ஆர் வெண்டது?" என்று கேட்டேன்.

"பெரிய டிவியில பார்த்தது நீங்கள்தானே" என்றான் பிரெஞ்சில், சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி.

இந்த வருடமும் இறுதியாட்டம் நடந்தது. அவனிடமிருந்து போன் வரவில்லை. குசினியில் அண்ணைமார்தான் கேட்டார்கள்: "என்னடா, இந்தமுறை மட்ச் இல்லையே?"