எரியட்டும் என்று அம்மா சொல்லவில்லை

அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். கேலண்டர், டைரி ஆர்டர்களுக்கு நடுவே சிடி கவர் ஆர்டர்களும் வர ஆரம்பித்திருந்த காலம். முதலாளிக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியும் இருந்தது. என் அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் கேட்டுக்கொண்டதால்தான் முதலாளி எனக்குப் பிரஸ்ஸில் வேலை கொடுத்தார்.

மும்பைக்காரர் ஒருவர் எங்களிடம் கவர் அடிப்பார். கோவா கடற்கரையில் டிரான்ஸ் இசை நிகழ்ச்சி நடத்துகிறவர். அந்த இசையில் பாட்டு, பல்லவி எதுவும் கிடையாது. ஒரே அடி, நெஞ்சுத் துடிப்பைவிட வேகமாக மணிக்கணக்கில் ஓடும். அதன் மேல் மெஷின் சத்தங்கள் புழு மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டுக் கூட்டம் தன்னை மறந்து ஆடுமாம். ஆள் மரியாதையானவர். பிரஸ்ஸில் எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்வார்.

ஒருமுறை வந்தவர், வெடிச்சத்தத்தை நேரில் பதிவு செய்ய வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் முதலாளி என்னை அவர்கூட அனுப்பினார். ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் வைத்து போர்மேன் ராக்கெட் விட்டுக் காட்டினார். மும்பைக்காரர் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக நின்றுகொண்டு, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"காத்து ஒரு மாதிரி அடிக்கி. போதும்னு சொல்லும்மா," என்றார் போர்மேன்.

சொன்னேன். கடைசியாக ஒன்றே ஒன்று என்று மும்பைக்காரர் சிரித்தார். அந்த ஒன்று காற்றில் திரும்பி, வெடிமருந்து அடைக்கும் அறைகளுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த புல்லில் போய் விழுந்தது.

தீ பிடிக்கும் சத்தம் இவ்வளவு மெல்லியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா எங்கிருந்து வந்தாள் என்று பார்க்கவில்லை. கையில் நனைத்த சாக்கு. வெறும் காலோடு புல்லுக்குள் இறங்கி அடிக்க ஆரம்பித்தாள். போர்மேன் தூரத்தில் நின்று, "அக்கா, விட்டுட்டு வாங்கக்கா," என்று கத்தினார்.

அம்மா திரும்பாமலே சத்தம் போட்டாள். "எரியட்டும்னு விட்டுட்டு ஓடச் சொல்றியாலே? உள்ள பொம்பளையாளுக இருக்காகள்ல. மண்ணை அள்ளிட்டு வாலே."

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மண்வாளியோடு ஓடினார்கள். தீ அணைந்தது. அறைகளில் இருந்த பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். அம்மாவின் பாதம் கொப்பளித்துவிட்டது. மும்பைக்காரர் இருந்த இடத்தில் அப்படியே நின்றிருந்தார். மைக்கும் அம்மாவின் பக்கம் நீட்டியபடியே இருந்தது. அவரும் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். போகும்போது எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார்.

கோவாவில் சீசன் எல்லாம் முடிந்து, அவருடைய புது ஆல்பத்துக்குக் கவர் ஆர்டர் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் அவர் வாசித்ததை, அவர்கள் போட்ட கூச்சலோடு சேர்த்து அப்படியே பதிவு செய்த லைவ் ஆல்பம். படங்களோடு ஒரு சிடியும் அனுப்பியிருந்தார். வேலை பார்த்துக்கொண்டே அதை ஓடவிட்டேன்.

ஓர் இடத்தில் அடி சட்டென்று நின்றது. அந்த அமைதியில் என் அம்மா பேசினாள்.

"எரியட்டும்."

அவ்வளவுதான். மறுபடியும், "எரியட்டும்." மறுபடியும். பிறகு அதையும் துண்டாக்கி, எரி எரி எரி என்று வேகமாக ஓட்டி, உச்சத்தில் இடி விழுந்த மாதிரி அடியைத் திரும்பக் கொண்டுவந்தார். கடற்கரை முழுவதும் ஆர்ப்பரித்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதம் வெந்து தீயை அணைத்த ஒருத்தியின் வாயில், எரியட்டும் என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அதுவும் எங்கள் ஊரில். தீயில் ஆள் போகாத தெரு ஒன்று இங்கே உண்டா?

முதலாளியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கம்மா குரலு கோவா வரைக்கும் போயிருக்கு. சந்தோசப்படுவியா, அத விட்டுட்டு."

"அண்ணாச்சி, அம்மா சொன்னது வேற. நானும் அங்கனதான் நின்னேன்."

"நல்ல பார்ட்டி தாயி. ஆர்டரக் கெடுத்துராத."

அடுத்த விடுமுறை நாளில் அம்மாவைப் பிரஸ்ஸுக்குக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதலில் அவளுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இவுக எதுக்குக் கத்துறாக?"

"சந்தோசத்துல ஆடுறாகம்மா."

"நான் பேசினதுல மீதி எங்க?"

"வெட்டிட்டாரு."

"நம்ம தெருவுல யாராச்சும் இதக் கேட்டா என் மொகத்துல முழிப்பாகளா? பக்கத்து வீட்டுக்காரி புருசனப் பறிகொடுத்து இன்னும் தலை நிமிரல. முழுசாப் போடச் சொல்லு. இல்ல, எடுக்கச் சொல்லு."

ப்ரூஃப் பார்க்க மும்பைக்காரர் வந்தபோது, எனக்கு வந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் அப்போதுதான் கேட்டார். ஆயிரக்கணக்கானவர்களை அதற்கு ஆடவைத்த பிறகு. சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எரியட்டும் என்பது நடனத்துக்கு எவ்வளவு பொருத்தம், தனக்குத் தெரியாமலே அமைந்துவிட்டதே என்றார்.

"அது அவள் சொன்னதற்கு நேர் எதிர்," என்றேன். "அந்தத் தீயே நீங்கள் கேட்ட ராக்கெட்டால் வந்தது."

அவர் தலை குனிந்தார். சிடிக்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டன, இனி ஒன்றும் மாற்ற முடியாது என்றார். அப்படியானால் அம்மா பேசியதை முழுசாகத் தமிழில் கவரின் உள்பக்கம் அச்சடிக்க வேண்டும், கீழே இங்கிலீஷில் அர்த்தமும் வேண்டும் என்று கேட்டேன். தமிழில் அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. எழுத்துகளின் வளைவு பிரமாதம், இன்னும் பெரிதாக்கு, ஆரஞ்சு நிறத்தில் போடு என்றார். இங்கிலீஷை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அது டிசைனைக் கெடுக்கிறதாம்.

நான் எவ்வளவோ மன்றாடினேன். முதலாளி பின்னால் வந்து நின்று, "கஸ்டமர் சொல்றதச் செய்யி," என்றார். செய்தேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அழகான கோலமாக என் அம்மாவின் வார்த்தைகள் அச்சாகிப் போயின. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் அவர் மறுபடியும் வந்தார். கூட்டம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு நச்சரிக்கிறதாம், இன்னும் நாலு வார்த்தை பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். முதலாளி கம்பெனிக்கு ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்தார். கையிலும் கழுத்திலும் மருந்துப்பொடி ஒட்டியிருக்க, அம்மா அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் மைக்கை வைத்து அவர் பதிவை ஆரம்பித்தார்.

"எதாச்சும் பேசும்மா. உன் இஷ்டம்தான்," என்றார் முதலாளி.

அம்மா மைக்கைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது. குடித்தாள். முதலாளி குரலை உயர்த்திப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். மும்பைக்காரர் கைகூப்பினார். அம்மாவும் பதிலுக்குக் கைகூப்பினாள். சத்தம் மட்டும் வரவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே அலுத்துப்போய் பட்டனை அழுத்தி, வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

அதுவரை காத்திருந்துவிட்டு அம்மா எழுந்தாள். "வாரேன் அண்ணாச்சி, வேலை கெடக்கு," என்றாள். வாசலில் என்னிடம், சாயங்காலம் வரும்போது தக்காளி வாங்கிவரச் சொன்னாள்.

இதற்காக முதலாளி அவளை அந்த சீசன் முழுவதும் உட்காரக்கூட நிழலில்லாத, பட்டாசு காயப்போடும் களத்துக்கு மாற்றிவிட்டார். தீபாவளிக்குக் கணக்கு முடிந்ததும் நாங்கள் இரண்டு பேருமே அவரிடம் வேலையை விட்டு நின்றுகொண்டோம். நான் விருதுநகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன், அம்மா வேறு கம்பெனிக்குப் போனாள்.