திங்கட்கிழமைப் பட்டியல்

விண்ணோக்கு நிலையத்தில் அவரை எல்லோரும் ‘நகல்’ என்றே அழைத்தார்கள். விடுப்பு கேட்டாலும் சரி, துடைக்கத் துணி கேட்டாலும் சரி, விண்ணப்பத்துக்கு ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் செருகிய பிறகே மறுவேலை பார்ப்பார். ஏழு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். பள்ளியோடு படிப்பு நின்றுபோனவர். வானியலைப் பொது நூலகத்து மேசையில் தாமே கற்றுக்கொண்டவர். தொலைநோக்கியைத் திருப்பும் கணினியைப் பராமரிப்பது அவர் வேலை.

விண்மீன்களின் இடத்தை ஒருமுறை எழுதிக்கொண்டால் பல காலத்துக்குப் போதும். குறுங்கோள்களையும் வால்நட்சத்திரங்களையும் அப்படி நம்ப முடியாது. பெரிய கோள்கள் இழுத்த இழுப்புக்குப் பாதை மாறும். பழைய எண்களை வைத்துக்கொண்டு தேடினால் வெறும் இருட்டுதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணிக்கு அவர் அவற்றின் பாதை எண்கள் அடங்கிய புதிய பட்டியலை இணையத்திலிருந்து இறக்குவார். மென்பொருளில் அதற்கு இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘சேர்’ என்பது பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் சேர்க்கும். ஏற்கெனவே இருப்பவற்றைத் தொடாது. ‘மாற்று’ என்பது பழைய எண்களை அழித்துப் புதியவற்றை எழுதும். அவர் எப்போதும் அழுத்தியது இரண்டாவதை. முடிந்ததும் ஒரு தாள் அச்சிட்டு, தேதியிட்டுக் கோப்பில் வைப்பார். முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட தாள்கள் சேர்ந்திருந்தன.

அந்தத் திங்களன்று அவர் மேசையில் பட்டியலுக்குப் பதில் ஒரு மெமோ காத்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த வால்நட்சத்திரத்தைக் காணச் சனிக்கிழமை மாலை இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். தொலைநோக்கியில் ஒன்றும் தெரியவில்லை. வாராந்தரப் புதுப்பிப்பை அவர் செய்யத் தவறியதே காரணம் என்றது மெமோ. மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் பணி நீட்டிக்கப்படாது. அதுவரை கணினியைத் தொடக் கூடாது.

வியாழன் முதல் ஞாயிறு வரை அவர் மனைவி பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தாள். அவரும் விடுப்பெடுத்து அங்கே பெஞ்சில்தான் கிடந்தார். அந்த நாட்களில் கணினி, நிலைய இயக்குநரின் மச்சினன் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை கேமராவில் பதிவான படத்தை அந்த இளைஞனே ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, “அண்ணே, எங்க உங்க வால்நட்சத்திரம்? அதுக்கும் லீவா?” என்று எழுதியிருந்தான். பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். அவர் அதையும் அச்சிட்டுக்கொண்டார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுவதும் தாள்கள் பரவின. படத்தில் இருந்த மங்கலான விண்மீன்களை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, சனிக்கிழமை தொலைநோக்கி எந்த இடத்தைப் பார்த்தது என்று கண்டுபிடித்தார். பிறகு கையாலேயே கணக்குப் போட்டார். கடைசித் திங்களின் எண்களை வைத்திருந்தால் வால்நட்சத்திரம் பார்வையின் நடுவில் நின்றிருக்கும். ஒரு மாதப் பழைய எண்களாக இருந்தாலும் ஓரத்திலாவது எட்டிப் பார்த்திருக்கும். இதுவோ வானத்தின் வேறொரு மூலை. எந்தத் திங்கள் தாளும் பொருந்தவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், மென்பொருள் குறுவட்டோடு வந்த பழைய பட்டியலின் அச்சுப்படி நினைவுக்கு வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்களன்றே அழித்த பட்டியல். அதிலிருந்தவை வால்நட்சத்திரம் போனமுறை வந்துபோனபோது இருந்த எண்கள். கணக்குப் போட்டார். கச்சிதமாகப் பொருந்தியது. மென்பொருளை யாரோ புதிதாக நிறுவியிருக்கிறார்கள். அதோடு பழைய பட்டியல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் ‘சேர்’ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

பதினான்கு பக்க விளக்கம் எழுதி முடித்து, கட்டிலில் படுத்திருந்த மனைவியிடம் ஒரு பிரதியை நீட்டினார்.

“எனக்கும் ஒரு நகலா?”

“பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து மட்டும் போடு.”

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது.” கையெழுத்துப் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். “தப்பு உங்க மேல இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க பதினாலு பக்கம்?”

அவர் அந்தப் பிரதியை வாங்கிக் கோப்பில் செருகினார்.

மறுநாள் இயக்குநர் விளக்கத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினார். பிறகு கடைசிப் பக்கத்தை.

“கணக்கெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா லீவுல போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போகணுமா இல்லையா?”

“எழுதிக் கொடுத்தேன் சார். இணைப்பு ஆறு. உங்க கையெழுத்தே இருக்கு.”

“எதுக்கெடுத்தாலும் கையெழுத்து, கையெழுத்து! இருநூறு பேர் முன்னாடி என் மானம் போச்சு, அதுக்கு யார் கையெழுத்து போடுறது?” கோப்பைத் தள்ளி வைத்தார். “மேலிடத்துல பேசிட்டேன். இன்னைக்கே பொறுப்பை ஒப்படைச்சிடுங்க.”

ஏழு ஆண்டுகள் நான்கு நிமிடத்தில் முடிந்தன.

ஒப்படைப்பதற்காக மட்டும் கணினி அறை திறக்கப்பட்டது. மச்சினன் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். திரையில் அந்தப் பழைய பட்டியல் அப்படியே இருந்தது. நிறுவிய நேரமும் அதிலேயே இருந்தது: வெள்ளி, பிற்பகல் மூன்று பத்து. வரும் சனிக்கிழமை மறுபடியும் பொதுமக்கள் வருகிறார்கள்; அதற்குப் பிறகு வால்நட்சத்திரம் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும்.

அவர் கை சுட்டியின் மேல் அசையாமல் நின்றது. ஒன்றும் செய்யாமல் எழுந்துபோனால் போதும். மறுபடியும் வெறும் இருட்டு. அப்போது பழி சுமத்த அவர் அங்கே இருக்க மாட்டார். உண்மை தானாகவே வெளியே வரும். அதைக் கெடுப்பானேன்? சரிசெய்துவிட்டால் மச்சினன் வந்த முதல் வாரத்திலேயே வால்நட்சத்திரத்தைப் பிடித்துக் காட்டியவன் ஆகிவிடுவான். ஏழு வருடம் இருந்தவர்தான் உதவாக்கரை என்றாகும். கோப்பைத் திறந்து, அதில் எதுவும் தேவைப்படாமலேயே, தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லாத் தாளிலும் ஒரே சொல்: மாற்றப்பட்டது, மாற்றப்பட்டது.

“என்ன அண்ணே, தாளை எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?”

“இல்ல தம்பி. அஞ்சு நிமிஷம்.”

புதிய பட்டியலை இறக்கினார். இரண்டாவது பொத்தானை அழுத்தினார். வால்நட்சத்திரத்தின் பெயரைத் தேடிச் சரிபார்த்தார். பிறகு ஒப்படைப்புத் தாளைத் தட்டச்சு செய்தார். ஒன்று: சாவிகள். இரண்டு: வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.10-க்கு நான் விடுப்பில் இருந்தபோது மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டு, பழைய பட்டியலோடு இருந்ததைக் கண்டேன். மூன்று: இன்று 11.40-க்கு அதை மாற்றினேன். நான்கு: இனி இரண்டாவது பொத்தானையே அழுத்தவும்.

“படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்து போடு தம்பி.”

“இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?” கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டான். அடுத்த தெருவில் அவர் மூன்று நகல் எடுத்து, ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மீதி இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் அந்தத் தாளை மனைவியிடம் நீட்டினார். இந்தமுறை அவள் பேனா கேட்கவில்லை. தலையணையைச் சாய்த்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரலை வைத்து மெல்லப் படித்தாள். நான்காவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

“ரெண்டாவது பொத்தான்னு போட்டிருக்கீங்களே. அதை அழுத்தினா என்ன ஆகும்?”

ஏழு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.