இரண்டு முட்டையும் ஒரு விரதமும்

தண்ணீர்மலை முருகன் கோயில் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவித்த முட்டை ஞாபகம் வரும். கோயில் வாசலில் நினைக்கிற விஷயம் இல்லைதான். ஆனால் திரும்பக் கிடைக்காதா என்று நான் ஏங்குகிற காலம் ஒன்று உண்டென்றால், அது முட்டை அவித்துக்கொண்டிருந்த அந்த ஏழெட்டு வாரங்கள்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். எனக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை நாங்கள் சுற்றாத மரமில்லை, கட்டாத தொட்டிலில்லை. எங்கள் தீவில் இருக்கிற கோயில்கள் போதாதென்று பாலம் தாண்டி அக்கரையில் சிம்பாங் அம்பாட் வரைக்கும் போய்க் கும்பிட்டோம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் யாராவது ஓர் அக்கா முதலில் என் வயிற்றைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். ஒரு நாள் எனக்கு அலுத்துவிட்டது. "இனிமே வேண்டுதல், நேர்த்திக்கடன் ஒன்னும் வேணாங்க. டாக்டர் மட்டும்தான்," என்று சட்டம் போட்டேன். என் கணவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஊசி போட்டு என் கருமுட்டைகளை வளர்க்க வேண்டும், மயக்கம் கொடுத்து அவற்றை எடுக்க வேண்டும், அதே நாளில் என் கணவருடைய விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, சில நாள் கழித்து எனக்குள் வைக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார். என் வயதுக்கு இன்னொரு முறை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். அதனால் இரண்டு பேரும் உடம்பைத் தயார்செய்துகொண்டு வரவேண்டும். அவர் சிகரெட்டை விடவேண்டும். இருவரும் நடக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு முட்டை தினமும் சாப்பிடவேண்டும்.

எங்களுக்குப் புதுக்கல்யாணம் ஆனதுபோல் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் ஜெலுத்தோங் கடலோரம் நடப்போம். சிகரெட்டுக்குப் பதிலாக அவர் உப்புப் போட்ட புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு முகத்தைச் சுளிப்பார், நான் சிரிப்பேன். ஊசி போடப் பழகுகிறேன் என்று ஒரு நாள் பப்பாளிப்பழம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். பிள்ளைக்காக மருந்து எடுக்கிற வீட்டுக்குள் பப்பாளியைக் கொண்டுவந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். திட்டிவிட்டு, அதிலேயே பழகச் சொன்னேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நுணுக்கமான இயந்திரங்களைப் பழுது பார்க்கிற கை, பப்பாளிக்கு வலிக்கவே இல்லை.

காலை ஐந்து மணிக்கு நான் நான்கு முட்டை அவிப்பேன். இரண்டு அவர் டப்பாவில், இரண்டு என் டப்பாவில். தொழிற்சாலைப் பேருந்து எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். நான் மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துப் பக்கம் இருந்த என் அலுவலகத்துக்குப் போவேன்.

ஊசி ஆரம்பிக்கிற நேரத்தில் அவர் மாறிவிட்டார். இடுப்பு வலி என்று கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். வயிறு சரியில்லை என்று இரவுச் சாப்பாட்டுக்கு ரசமும் சோறும் மட்டும் கேட்டார். தாடி வளர்ந்தது. ஊசி போடும்போது கையுறை மாட்டிக்கொண்டார். முதலில் சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், ஊசி இல்லாத நேரத்திலும் அவர் கை என்மேல் படவே இல்லை. ஒன்பது வருடம் கழித்து என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வயிறு முழுக்க ஊசிப்புள்ளி வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு நாலு மாதம்.

"அக்கா, அண்ணனுக்கு ரொம்ப நல்ல மனசு லா. தெனமும் ரெண்டு முட்டை எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துடுறாரு. ஒன்ன அவர் சாப்புட்டுட்டு ஒன்ன எனக்குக் கொண்டாறாரு."

முட்டை அவிவது எங்கள் வீட்டில், பிள்ளை அவர்கள் வீட்டில். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"முட்டையெல்லாம் எங்க போகுது?"

அவர் கையிலிருந்த சட்டையை உதறிக்கொண்டே நின்றார்.

"ஒங்களுக்குப் பிள்ளை வேணாமா? இல்ல, நான் வேணாமா? நேராச் சொல்லிருங்க."

"வெரதம் இருக்கேன்," என்றார். "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். சொன்னா நீ கத்துவே."

கத்தினேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் போய்ப் பார்த்தேன். கருமுட்டை எடுக்கிற நாள் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முந்தி வந்தது. அன்று கிளினிக்கில் அவர் தர வேண்டியதைத் தந்தாக வேண்டும். விரதத்தில் இருக்கிறவர் அதை எப்படித் தருவார்?

"அன்னைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"அதான் தெரியல. நாலு நாளா பஸ்ஸுல அதத்தான் யோசிக்கிறேன்."

"கோயில்ல கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்குறது?"

அதுவும் நியாயம்தான். எந்தக் குருக்களிடம் போய் இதை வாய்விட்டுக் கேட்பது?

"முருகனுக்கே ரெண்டு பொண்டாட்டி. அவருக்குத் தெரியாதா இதெல்லாம்?" என்றேன்.

"வெரதம் இருக்கறது அவரு இல்லையே. நான்ல?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "இங்க பாருங்க," என்றேன். "சாமி அடுத்த வருஷமும் மலையிலதான் இருப்பாரு. நான் முப்பத்தெட்டுலயே நிக்க மாட்டேன். எனக்கு இத விட்டா வேற இல்ல."

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். பிறகு தலையாட்டினார்.

அந்த நாள் வந்தது. விடிவதற்கு முன்பே குளித்து விளக்கேற்றி நெடுநேரம் நின்றார். கிளினிக்கில் நர்ஸ் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து அறையைக் காட்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வெளியே வந்தபோது நிமிரவே இல்லை. உடனே என்னை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். வெறும் கையால். அழுதுகொண்டிருந்தார். முட்டை ஒன்றும் தேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எத்தன கெடச்சுச்சு?"

"தெரியல. கேக்கல."

நாக்கு குழறிய நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. அதைக்கூடக் கேட்டு வைக்காமல் உட்கார்ந்து அழுகிற மனுஷனை என்ன சொல்வது? ஏழு கிடைத்தது என்று பிறகு நர்ஸ்தான் சொன்னாள்.

ஏழில் இரண்டு கருவாயின. இரண்டையும் வைத்தார்கள். தைப்பூசத்துக்கு நாலு நாள் முந்தி முடிவு வந்தது. தங்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு முறைக்கு டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை நாங்கள் இரண்டு பேர்தான்.

தைப்பூசத்தன்று காலை அவர் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளினிக்கிலிருந்து வந்த அன்றே தலைமுழுகிவிட்டு விரதத்தைத் தொடர்ந்திருக்கிறார். நான் நாலு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை. அந்தக் குடத்தைப் பார்த்ததும் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"யாருக்குப் பால்? கேட்டதக் குடுக்காத சாமிக்கா?"

"குடுத்துட்டாரே," என்றார்.

"என்ன குடுத்தாரு?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எங்க அக்காவ சின்ன ஆபரேசன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனோம். மயக்கத்துலயே போயிட்டாங்க. ஒனக்கும் மயக்கம் குடுப்பாங்கன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே வேண்டிக்கிட்டேன். நீ கண்ணு முழிச்சா போதும்னு."

அவருடைய அக்கா இறந்தது எனக்குத் தெரிந்த கதைதான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தி நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்த விரதத்தை என் பேச்சைக் கேட்டு முறித்துவிட்டு, உடனேயே என்னை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே இவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்?

"பிள்ளை வேணும்னு கேக்கவே இல்லையா நீங்க?"

"ரெண்டு கேட்டா பேராசைன்னு நெனச்சுருவாரோன்னு பயந்துட்டேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முடிவு வந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் சாம்பல் அப்பிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார். இன்னும் மலையேறவில்லை, விரதம் முடியவில்லை. கையுறைகூட அருகில் இல்லை. நானே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.