வாகையிடம் மெதுவாகச் சொன்னது

நகரத்து இயற்கையைப் பற்றிய கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். சூரமங்கலத்தில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். நாற்பத்தாறு கவிதைகள். மரம் வருபவை இருபத்தொன்பது. அது என்ன மரம் என்று சொல்பவை நான்கே நான்கு. சிட்டுக்குருவியிடம் மன்னிப்புக் கேட்பவை ஏழு, வெட்டிய மரத்திடம் கேட்பவை ஒன்பது. வெட்டாமல் விட்டேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இந்தப் பதினாறு மன்னிப்புகளும் எனக்குப் புதியவை அல்ல. ஏழு வயதில் நானே ஒன்று கேட்டிருக்கிறேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்துக் கிணற்று மேட்டில் ஒரு வாகை நின்றது. அம்மாவின் தம்பி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வந்தால் முதலில் எங்களைப் பார்க்கமாட்டார்; அந்த வாகையைத்தான் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்ப்பார். என்னை ஒரு நாளும் அவ்வளவு ஆசையாக அணைத்ததில்லை. ஒரு சித்திரையில் அதை வெட்டிக்கொள்ள அப்பா சம்மதித்துவிட்டார்.

மரத்துப் பொந்தில் மைனாக் குஞ்சுகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, திறக்கும் வாய்களை எண்ணியிருந்தேன். மூன்று.

மரம் வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் அதனடியில் சூடம் கொளுத்தி, அதில் குடியிருக்கும் உயிர்களிடம் சொல்லிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாளைக்கு வெட்டப்போகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். குழந்தை வாயால் சொன்னால் விசேஷம். வீட்டிலிருந்த ஒரே குழந்தை நான்.

"சத்தமாச் சொல்லோணும் சாமி. உச்சிக் கெளைக்குக் கேக்கோணும்" என்றார் மாமா.

"கேட்டாப் போயிருமுங்களா மாமா?"

"போகாம? உங்கப்பனாட்டம் அங்கயே கெட்டியா உக்காந்துக்குமா?"

அப்பாவும் சிரித்தார்.

"போகலீன்னா?"

"குடியிருக்கற மரத்த எவனாச்சும் வெட்டுவானா? பாவமல்ல?"

எனக்கு அது போதும். கேட்டால்தான் போகும், போகாவிட்டால் வெட்டமாட்டார்கள். ஆகவே அடிமரத்தில் வாயை ஒட்டிக்கொண்டு, என் காதுக்கே எட்டாதபடி சொன்னேன்.

"என்னடா, மரத்துக்கிட்டப் பொண்ணு கேக்கறயா?" என்றார் மாமா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. "செரி, சொல்லியாச்சில்ல, வா."

நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ரம்பத்தோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாமா வந்திருந்தார். தொட்டி மேல் ஏறிப் பார்த்துவிட்டு, ஜெயித்தவன் போல ஓடினேன். "மாமா, போகலீங்க! மூணும் இருக்குது, தாயும் இருக்குது!"

"நேத்துச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேனுங்க."

"அப்பறமென்ன? நம்ம மேல தப்பில்ல. தள்ளி நில்லு சாமி."

மத்தியானத்துக்குள் வாகை விழுந்தது. பெரிய மைனாக்கள் இரண்டும், மரம் நின்ற வெற்று இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. நான் போய்ப் பொந்தைப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வெகுகாலம் என் குரலைத்தான் நொந்துகொண்டேன். உரக்கச் சொல்லியிருந்தால், பறக்கத் தெரியாத அந்த மூன்றும் எப்படியாவது போயிருக்கும் என்று. புது லாரியை மாமா எங்கள் வாசலில் நிறுத்தி, "ஏறு சாமி, உன்ற மரந்தான்" என்று கூப்பிட்டார். ஏறவில்லை. காரணம் யாரும் கேட்கவில்லை.

இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கன் நிற்கிறது. கார் நிறுத்த இடம் போதவில்லையாம். நாளை மறுநாள் எடுக்கிறார்கள். நாளை மாலை மரத்தடியில் சின்னக் கூட்டம். அதில் ஒரு கவிதை வாசிக்கச் சொல்லித்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"நீங்கதான் சார் படிச்சவரு. கொஞ்சம் சத்தமாப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"மேல காக்காக் கூடு இருக்குதுங்களே" என்றேன்.

"அதனாலதான் சார் கவிதை" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

மெதுவாகச் சொன்னால் மேலே கேட்காது என்று கணக்குப் போட்ட பையனுக்கு, அந்த வார்த்தைகள் மேலே போவதற்கானவை அல்ல என்பது தெரியவில்லை. கேட்க வேண்டிய மாமாவும் அப்பாவும் கீழேதான் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு என் உதடு அசைந்ததே போதுமாயிருந்தது.