எங்கள் வளவில் இறங்கிய விமானங்கள்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது வயதும் போய், நினைவு முன்பின்னாகத்தான் வருகிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேத்தி கம்பியூட்டரில் விமானம் ஓட்டி விளையாடுகிறாள். போன கிழமை அந்த ஆகாயத்தில் வேறு கம்பனிகளின் விமானங்களையும் கொண்டுவந்து சேர்த்தாள். அவற்றை ஆட்கள் ஓட்டுவதில்லை. நேரம் தவறாமல் கம்பியூட்டரே ஓட்டுகிறது. "தனியப் பறந்தா உண்மை மாதிரி இல்லை அம்மம்மா" என்றாள். என் மாமா இதைக் கரண்டே இல்லாமல் செய்தவர் என்றேன். நம்பாமல் சிரித்தாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அது சண்டைக்காலம். விடத்தல்தீவில் எங்கள் வீட்டு வளவில் பனங்குற்றி அடுக்கி, பதுங்கிக்கொள்ள ஒரு பங்கர் குழி வெட்டியிருந்தோம். முதல்முறை ஹெலிகொப்டர் வந்து சுட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி, அதன் வாசலில் முட்டுப்பட்டு விழுந்தோம். அடியில் அகப்பட்டவன் என் சின்னத் தம்பி. காயம் பெரிதில்லை, பயம்தான் பிடித்துவிட்டது. அதன்பிறகு ஹெலிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொள்வான். பங்கர் பக்கம் இழுத்தால் கடிப்பான். மேலே இருப்பது ஓலைக் கூரை. கட்டில் எதைத் தடுக்கும்? அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்பு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்து, கலவரத்தோடு ஊருக்கு ஓடி வந்தவர். அவர் ஒருநாள் மீன்கூடை மூடியை விமானச் சுக்கான் என்று தம்பியின் கையில் கொடுத்து வளவைச் சுற்றி ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ஓடியவன் மூடியை எறிந்துவிட்டான்.

"ஏன்ரா?"

"வேற பிளேன் ஒண்டும் இல்லை. இது பொய்ப் பிளேன்."

மாமா உடனே எங்களையும் விமானம் ஆக்கினார். கிணற்றுக்கும் குசினிக்கும் நடக்கிற அம்மா திருச்சி விமானம். கோழிக்குத் தீன் போடுகிற நான் சிங்கப்பூர்.

"எனக்கு வேற வேலை இல்லையோ? உலை கொதிக்குது" என்றார் அம்மா.

"நீ உன்ர வேலையைப் பாரக்கா. பிளேனும் தன்ர பாட்டிலதான் போகும். இவன்தான் விலத்தி ஓடவேணும்."

மாமா தகரப் பேணியில் தட்டினால் எல்லா விமானமும் பங்கரில் இறங்கவேண்டும், ஒவ்வொன்றாக. எண்ணெய் குறைந்த சின்ன விமானமான தம்பி முதலில், அடுத்தது சிங்கப்பூர், பிறகு திருச்சி. வழி சொல்கிறவர் மாமா. தம்பி வாசல்வரை வந்து நின்றுவிடுவான். மாமா இழுக்கவில்லை. "பரவாயில்லை, இன்னொரு வட்டம் அடிச்சிட்டு வா" என்பார். எத்தனையோ வட்டத்துக்குப் பிறகு ஒருநாள் தானாகவே இறங்கினான். உள்ளே இருந்தபடி, அடுத்து வருகிறவர்களை ஒவ்வொருவராக அறிவித்தான். எனக்கோ எரிச்சல். எந்நேரமும் அவன்தான் முதல்.

ஒரு மத்தியானம் பேணி கேட்டது. கூடவே ஹெலியும் கேட்டது. தம்பி வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"சின்னப் பிளேன், பாதை வெளிச்சிட்டுது, இறங்கு!"

இறங்கினான். பின்னால் நான். இருட்டுக்குள் அவன் குரல்: "சிங்கப்பூர் இறங்கிட்டுது. திருச்சி இறங்கிட்டுது." மண் உதிர உதிர மாமா வந்து விழுந்தார்.

வெளியே வந்தபோது கூரை பிய்ந்து, தம்பியின் கட்டில் நடுவில் பிளந்து கிடந்தது. அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுப்பில் சோறு கரிந்த மணம் வந்தது. அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். மாமா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பேணி தட்டிக் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அடுத்தமுறை நான்தான் முதல்" என்று அவரோடு சண்டை பிடித்தேன்.

"ஓம், நீதான்" என்றார்.

முதல் இடத்துக்குச் சண்டை பிடித்த எனக்கு, கடைசி இடம் யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மாமா இப்போது இல்லை. நான் இந்த வயதுவரை இருந்து பேத்தியைக் கண்டது அவர் தந்தது. வந்தது ஒரு ஹெலியா இரண்டா, அம்மா திருச்சியா மதுரையா, சரியாக ஞாபகமில்லை. வெளிநாட்டில் இருக்கிற தம்பி இதைப் பார்த்துப் பிழை திருத்தட்டும். கடைசியாக இறங்கியவர் மாமா என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் கண்ணால் கண்டேன்.